பொம்மைக்குப் பதிலாகக் கணவன்

இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில், ஏணி தன் கணவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்டு நிற்கவில்லை. கால் அதற்கு மேல் நகர மறுத்துவிட்டது.

“எத்தனை செகண்ட் ஆச்சு?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

கணவன் வாயைத் திறக்கவில்லை. அவள் முதுகுப் பக்கம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நாக்கைக் கூடக் கொஞ்சம் வெளியே விட்டிருந்தான். எதைச் செய்தாலும் திருந்தச் செய்ய வேண்டும் என்பது அவன் கொள்கை. பொம்மையாக இருக்க ஒப்புக்கொண்ட பிறகு பொம்மை பேசலாமா?

அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. அங்கே குடியிருக்கும் கணக்கு டீச்சர் பையோடு வெளியே வந்தார். நாலு படி இறங்கியதும் நாக்கு தொங்கும் அந்த முகத்தைக் கண்டார். கையிலிருந்த பை நழுவியது. டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல டீச்சர், என் வீட்டுக்காரர்தான்,” என்றாள் ஏணி.

அது ஆறுதல் சொல்லும் வாக்கியம் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஏணி தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள். எரிகிற கட்டடம் எதுவானாலும் ஏணியில் முதல் ஆளாக ஏறுவாள் என்பதால் வண்டியிலிருந்த ஆண்கள் வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது பிரசவத்துக்காக ஆறு மாத விடுப்பில் இருந்தாள்.

விடுப்பு முடிந்து வருகிற யாராக இருந்தாலும் வண்டியில் கால் வைப்பதற்கு முன் ஒரு தேர்வு உண்டு. நிலையத்துக்குப் பின்னால் பயிற்சிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியில் மணல் அடைத்த பொம்மை ஒன்று படுத்திருக்கும். அதன் எடை அறுபத்தைந்து கிலோ. அதைத் தோளில் தூக்கிப் படி வழியாக இரண்டு நிமிடத்துக்குள் தரைக்குக் கொண்டுவர வேண்டும். முடியவில்லை என்றால் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலை. தற்காலிகம் என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அவளுக்கு முன்னால் குழந்தை பெற்ற இரண்டு பெண்கள் அப்படிப் போனார்கள். அதில் ஒருத்தியின் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அம்மா இன்னும் தற்காலிகமாகப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் போன் நாற்காலியில் தன்னை வைத்துப் பார்க்கவே ஏணியால் முடியவில்லை. தீ என்று சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்பது அவள் பழக்கம். உட்கார்ந்துகொண்டு, விலாசம் சொல்லுங்கள் என்று கேட்பது அவளால் ஆகாத காரியம்.

கணவன் பொம்மையானதற்குக் காரணம் பிரசவ வார்டு. அவள் உள்ளே வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அங்கே இருந்த தராசில் ஏறி நின்றான். சரியாக அறுபத்தைந்து. நர்ஸ் திட்டி இறக்கிவிட்டார். ஆனால் எண் அவன் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் தேர்வு பற்றி அவள் கவலைப்பட்டபோது, “பொம்மையைத் தேடி எங்கயும் போக வேணாம். வீட்டுலயே ஒண்ணு இருக்கு,” என்று பெருமையாகச் சொன்னான். இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவன் தொழில். வீட்டிலிருந்தே வேலை. எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம்.

எட்டாவது வாரம் மருத்துவர் அனுமதி கொடுத்தார். அதே நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொன்னார். தராசுப் பக்கமே போகக் கூடாது, பார்த்துப் பார்த்து மனசுதான் கெடும், படியில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதை மட்டும் பார் என்றார். ஏணி அன்றைக்கே வீட்டுத் தராசைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

ஆரம்பம் பரிதாபமாக இருந்தது. வயிற்றுத் தசை இருக்கிற இடமே தெரியவில்லை. பழைய ஷூவில் கால் நுழையவில்லை. பிரசவம் கால் அளவைக் கூடக் கூட்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அது அடுத்து அழுவதற்குள் கணவனைத் தூக்கி இறக்கிவிட்டு ஓடிவர வேண்டும். சில நாள் பாதிப் படியிலேயே மேலே அழுகைச் சத்தம் கேட்கும், சட்டை நனைந்துவிடும். அவனை அங்கேயே சாத்தி வைத்துவிட்டு ஓடுவாள். பொம்மை பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆனாலும் முன்னேறினாள். முதலில் இரண்டு படி, பிறகு ஒரு மாடி, பன்னிரண்டாவது வாரம் மூன்று மாடியும் இறங்கி இரண்டு நிமிடம் பத்து வினாடி. இன்னும் பத்தே வினாடிதான் என்று அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஆடினாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழானது. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் இருபத்தைந்து. அதற்கடுத்த வாரம், இதோ, டீச்சரின் எதிரில் நடுப்படியில் நிற்கிறாள்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் மாமியார் காரணத்தை ஒரே நொடியில் கண்டுபிடித்தார். உடம்பில் சத்து இல்லை. பால் கொடுக்கிற உடம்பு, அதில் இத்தனை கூத்து. அன்று முதல் ஏணியின் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தட்டு ஒன்று வர ஆரம்பித்தது. ஏற்கெனவே ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கூடுதலாக வந்துகொண்டிருந்த இடத்தில் நாலு முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பாதாம், கெட்டியான பால், மாலையில் எலும்பு சூப்.

ஏணி தன் பங்குச் சாப்பாட்டை ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். அதற்கு மேல் இறங்கவில்லை. சீருடைப் பேண்டின் பொத்தான் துளைக்கு எட்டுவதற்கு இன்னும் இரண்டு விரல் பாக்கி இருந்தது. வெண்ணெயைக் கண்டாலே அந்தப் பொத்தான்தான் அவள் கண்ணில் ஆடியது. அதனால் மாமியார் சமையலறைக்குத் திரும்புகிற நேரம் பார்த்து, முன்பு அந்தக் கூடுதல் முட்டையையும் பாலையும் தள்ளியதுபோலவே இரண்டாவது தட்டையும் கணவன் பக்கம் தள்ளிவிடுவாள். மிச்சம் வைத்தால் அம்மா மனசு நோகும் என்று அவன் துடைத்துச் சாப்பிடுவான். காலித் தட்டைப் பார்த்து மாமியார் பூரித்துப் போவார். மறுநாள் இன்னும் ஒரு கரண்டி கூடும்.

கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமனார் இதில் எதிலும் தலையிட மாட்டார். அவர் நாற்பது வருடத் தையல்காரர். வாயில் எப்போதும் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பதால் பேசாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. ஏணி ஒருநாள் அவரிடம் போய், என்னால் முடியவில்லை மாமா என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் ஊசிகளை எடுத்து வைத்தார்.

“இன்னைக்கு எவ்வளவு தூரம் போனே?”

“ஒன்றரை மாடி.”

“நாளைக்கும் போ,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டார்.

கணவனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தன் பங்குக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். காலையில் அரை மணி நேரம் நடக்கிற வழக்கம் அவனுக்கு உண்டு. நடந்தால் இளைப்போம், அறுபத்தைந்து அறுபத்து மூன்றானால் அவள் ஏமாந்து போவாள், தேர்வு நாளில் நிஜப் பொம்மை காலை வாரிவிடும். இதையெல்லாம் அவளிடம் விளக்கமாகச் சொல்லி, நடையை அன்றோடு நிறுத்தினான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் கண் கலங்கினாள்.

இதற்கிடையில் கணக்கு டீச்சர் கூட்டிக் கழித்து ஒரு விடையை எட்டியிருந்தார். மூன்றாம் மாடிக்காரருக்குக் கால் போய்விட்டது, மனைவிதான் தூக்கிக்கொண்டு திரிகிறாள், வெளியே சொல்ல வெட்கப்பட்டு உடற்பயிற்சி என்கிறார்கள். இரண்டு நாளில் கட்டடம் முழுக்க இதுதான் பேச்சு. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இது வேறயா என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். நோயாளிக்கென்று கேக், பழம், சூப் என வரிசையாக வந்தன. அவன் கதவைத் திறந்து, நான் நன்றாக நடக்கிறேன் பாருங்கள் என்று கூடத்தில் இரண்டு நடை நடந்து காட்டினான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு தைரியம் பாருங்க,” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அதோடு அவன் விளக்கம் சொல்வதைக் கைவிட்டான். கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டுவிடுவது சுலபமாக இருந்தது. வெளியே நடமாடினால் டீச்சர் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் படியிறங்குவதையும் விட்டான். மனைவி தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

ஏணி விடவில்லை. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நூறு முறை உட்கார்ந்து எழுந்தாள். தண்ணீர் நிரப்பிய வாளிகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறினாள். கணவனை நாளுக்கு இரண்டு முறை தூக்கினாள். சீருடைப் பொத்தான் துளைக்கு எட்டிவிட்டது. ஆனால் கணவன் மட்டும் அசைவேனா என்றான். தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு மாடி இறங்கியதுமே அவனை இறக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து விசும்பி அழுதாள். நாலு மாத உழைப்பில் உடம்பு தேறும் என்பார்கள். அவளுக்கு மட்டும் ஏன் தேயத் தேயப் போகிறது? குழந்தையின் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்காகத் தன் மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

கணவன் பொம்மை வேடத்தைக் கலைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

“நான் வேணா மூச்சைப் பிடிச்சுக்கட்டுமா? கொஞ்சம் லேசா இருக்கும்.”

“பொம்மைக்கு மூச்சே கிடையாதுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் அழுதாள்.

தேர்வு நாள் காலை குடும்பமே நிலையத்துக்கு வந்தது. நடுவில் குழந்தைக்குப் பசிக்குமே. ஏணி நேராக அதிகாரியின் அறைக்குப் போய், தேர்வெல்லாம் வேண்டாம், தன்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். ராத்திரி முழுக்க யோசித்து எடுத்த முடிவு. எல்லார் கண் முன்னாலும் பொம்மையோடு உருள்வதைவிட இது மேல்.

அதிகாரி விண்ணப்பப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தேர்வில் தோற்ற தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் மேலிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“முதல்ல தோத்துட்டு வா. உடனே கையெழுத்துப் போட்டுத் தரேன்,” என்றார் கனிவோடு.

வேறு வழியில்லாமல் கோபுரம் ஏறினாள். மூன்றாம் மாடித் தரையில் பொம்மை மல்லாந்து கிடந்தது. கீழேயிருந்து விசில் கேட்டது. அவள் முழங்காலை மடித்து, பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நாலு மாதமாகக் கணவனை எப்படித் தூக்கினாளோ அப்படியே ஒரு இழுப்பு இழுத்தாள்.

பொம்மை அவள் தோளில் உட்காரவில்லை. தோளைத் தாண்டிப் பறந்து போய்ப் பின்சுவரில் மோதி விழுந்தது.

கீழே நின்றவர்களுக்குத் தொம் என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. மாமியார் நெஞ்சில் கை வைத்தார். மேலே ஏணி சிலையாக நின்றாள். பிறகு நேரம் ஓடுவது நினைவு வந்து, பொம்மையை மறுபடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட ஓடினாள் என்பது சரி. படி திரும்பும் இடங்களில் கைப்பிடியைக் கூடத் தொடவில்லை.

தரையில் பொம்மையைக் கிடத்தியபோது அதிகாரியின் கடிகாரம் ஐம்பத்தெட்டு வினாடி காட்டியது. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். வண்டி டிரைவர் வாயைத் திறந்தபடி நின்றார். நிலையத்தில் இதுவரை இருந்த சாதனை ஒரு நிமிடம் இருபது. அது அந்த டிரைவருடையதுதான்.

எல்லாரையும்விட அதிர்ந்து போனவள் ஏணி. அதிர்ச்சி அடங்கியதும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“மணலை எடுத்துட்டீங்களா சார்?”

அதிகாரிக்குப் புரியவில்லை.

“பிள்ளை பெத்தவ, பாவம்னு மணலைக் கொட்டிட்டீங்க. இது பொம்மை இல்ல, வெறும் உறை. எனக்கு இந்தப் பிச்சை வேணாம் சார்.”

இருபது வருடச் சேவையில் அதிகாரி மேல் இப்படி ஒரு பழி விழுந்ததில்லை. முகம் சிவந்து, கிடங்கிலிருந்த பெரிய தராசைக் கொண்டுவரச் சொன்னார். பொம்மையை அதில் ஏற்றினார்கள். அறுபத்தைந்து கிலோ இருநூறு கிராம்.

“தராசு தப்பு,” என்றாள் ஏணி. விடுவாளா? “சரியான எடை என்கிட்ட இருக்கு. என்னங்க, இங்க வாங்க. இதுல ஏறி நில்லுங்க.”

கணவன் முன்னால் வந்தான். தன் கௌரவமான நாள் இது என்பதுபோல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தராசில் ஏறினான்.

முள் அறுபத்தைந்தில் நிற்கவில்லை. எழுபதைத் தாண்டியது. ஆடி ஆடி எழுபத்தொன்பதில் போய் நின்றது.

அவன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். பைகளில் இருந்த பேனாவையும் சாவியையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். முள் அசைந்து கொடுக்கவில்லை. டிரைவர் அவனை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்து, தன் எடை சரியாகத்தான் இருக்கிறது என்று சாட்சி சொன்னார்.

ஏணி பொம்மையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். எழுபத்தொன்பது. நாலு மாதமாக அவள் பலம் தேய்ந்துகொண்டு வரவில்லை. அவன்தான் ஏறிக்கொண்டே போயிருக்கிறான். அவளுடைய உடம்பு அவளைக் கைவிடவே இல்லை என்பது தலைக்குள் போய்ச் சேர்ந்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதிகாரி சத்தமில்லாமல் அந்த விண்ணப்பப் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் தேர்ச்சி என்று எழுதினார்.

பிறகு உண்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டாவது தட்டைத் தள்ளிவிட்டதை ஏணி ஒப்புக்கொண்டாள். துடைத்துச் சாப்பிட்டதை அவன் ஒப்புக்கொண்டான். கேக்கும் வெளியே வந்தது, நடையை நிறுத்தியதும் வெளியே வந்தது. மாமியார் கன்னத்தில் கை வைத்து, மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அத்தனையும் நீயாடா தின்னே? நான் இவளுக்குன்னுல்ல பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்.”

நாலு பக்கமும் பார்வை மொய்த்ததில் கணவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பிட்டது வாஸ்தவம்தான், ஆனால் பதினாலு கிலோ என்பதை எந்தப் பைத்தியக்காரனும் நம்ப மாட்டான் என்றான். டிரைவரின் எடையையும் சேர்த்து அந்தத் தராசு பொய் சொல்கிறது என்றான். அதற்கு அவனிடம் அசைக்க முடியாத ஆதாரம் ஒன்று இருந்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

“பதினாலு கிலோ ஏறியிருந்தா போன வருஷத்துப் பேண்ட் எனக்கு எப்படி இவ்வளவு சரியா இருக்கும்?”

நியாயமான கேள்விதான். அதிகாரிகூட ஒரு கணம் தராசைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டியின் நிழலில் பேத்தியைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்த மாமனார் மெதுவாக நடந்து வந்தார். அன்றைக்கு அவர் வாயில் குண்டூசி இல்லை.

“வாராவாரம் அதுக்கு இடுப்புல துணி சேர்த்துத் தெச்சவன் நான்டா; உனக்குத் தெரிஞ்சா பட்டினி கிடந்து இளைச்சுடுவே, அப்புறம் என் மருமக தூக்கிப் பழக இவ்வளவு கனத்துக்கு எங்க போவா?”